புகைப்புரையில் 42 ஷீட்டு காணோம்: ஒருத்தன் திருடுவது எதனால்?

திற்பரப்புக்காரன்:

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் எனக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து மூன்று வருஷம் முன்பு ஓய்வு பெற்றேன். கணக்கு எழுதிப் பழகிய கை. புகைப்புரையில், அதாவது ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடத்தில், தொங்குகிற ஷீட்டைக்கூட காலையும் மாலையும் எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். வீட்டில் கேலி பண்ணுவார்கள்.

போன மாதம் விடாத மழை. மரத்தில் பால் வெட்டு இல்லை. முன்பே அடித்த ஷீட்டும் காயாமல் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால் மேல் கம்பு இரண்டும் மொட்டையாக நிற்கின்றன. 42 ஷீட்டு. பூட்டு உடையவில்லை. சாவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடித்த ஆணியில் எப்போதும்போலத் தொங்குகிறது.

கண்டுபிடித்தது என் சாமர்த்தியம் இல்லை, என் சோம்பேறித்தனம். ஷீட் அடிக்கிற மிஷினில் வரி போடும் ரோலரின் ஒரு பல் 11 வருஷமாக உடைந்து கிடக்கிறது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாள் போய்விட்டது. அதனால் என் ஷீட்டில் சாண் இடைவெளிக்கு ஒரு தரம் வரி அறுந்து, நகத்தால் கீறினதுபோல ஒரு வடு விழும். சனிக்கிழமை மிளகு விலை கேட்க ஒரு மலைச்சரக்குக் கடைக்குப் போனேன். தராசுப் பக்கத்தில் அடுக்கியிருந்த ஷீட்டில் அந்த வடு. விரலால் தடவிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

கடைக்காரர் முதலில் மழுப்பினார். அப்புறம், "உங்க வெட்டுக்காரர் மகன்தான் கொண்டுவந்தான், நீங்க அனுப்பினதுன்னு நினைச்சேன்" என்றார். 26 கிலோ. கிலோவுக்கு 110 வீதம் 2,860 ரூபாய் கொடுத்திருக்கிறார். அன்றைய விலைக்கு அது 4,800 பக்கம் வரும். நான் அனுப்பியிருந்தால் 110-க்கு எடுப்பாரா? அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பையனுக்கு 19 வயது. அவன் அப்பா 14 வருஷமாக எனக்குப் பால் வெட்டுகிறார். மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலில்கூட ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போனவர் இல்லை. பையனுடைய டிப்ளமோ முதல் வருஷக் கட்டணம் நான் கட்டினேன். இரண்டாம் வருஷம் நின்றுவிட்டான். சின்ன வயதில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் தாத்தா தேங்காய் களவாண்டு பிடிபட்டவர் என்று ஒரு பழைய கதை உண்டு. அது உண்மையா என்று சொல்ல இன்றைக்கு ஆள் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பேர் இன்றுவரை "கள்ளன் வீடு". கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவன்கூட "கள்ளன் வீட்டுக்குக் குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பான். அதில் பகை ஒன்றும் இல்லை, வெறும் அடையாளம்.

இப்போது என் மச்சினன், "ரத்தம் அத்தான், ரத்தம். விரை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணு முளைக்குமா?" என்கிறான். மனைவி செல்போனைத்தான் திட்டுகிறாள். பக்கத்து வீட்டு வாத்தியார் வறுமை என்கிறார். வறுமை என்றால் அவன் அப்பா பட்டதில் கால்வாசிகூட இவன் படவில்லையே? அவர் ஏன் எடுக்கவில்லை?

இந்த விஷயத்தைப் பாடமாகப் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அப்புறம், புகார் கொடுக்கலாமா வேண்டாமா? அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. கடைக்காரர் தினமும் போன் போட்டு "விட்டுருங்க" என்கிறார்.

ஓய்வு ஏட்டு:

31 வருஷம் காக்கி. அதில் பாதிக்கு மேல் குற்றப் பிரிவு. உங்களிடம் ஒளிவுமறைவு எதற்கு, "எதனால்" என்ற கேள்வியை நாங்கள் ஸ்டேஷனில் கேட்டதே இல்லை. "எப்படி உள்ளே போனான்?" என்றுதான் கேட்போம். உங்கள் கதையில் அதற்குப் பதில் ஆணியில் தொங்குகிறது. மழை, வெட்டு இல்லாத வாரம், தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு வாரச் சரக்கு ஒரே இடத்தில், சாவி வெளியே. முதலில் ஒரு நல்ல பூட்டு வாங்குங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

சட்டம் கேட்டீர்கள். நான் இருந்தபோது இந்திய தண்டனைச் சட்டம் 379, 380, 411. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. இப்போது 303 திருட்டு, 305 கட்டடத்துக்குள் புகுந்த திருட்டு, 317 திருட்டுப் பொருளை வாங்குவது. 303-இல் ஒரு புதுச் சலுகை இருக்கிறது. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவைக் குற்றம், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவை. உங்கள் 4,800 அதற்குள் வரும் என்று சந்தோஷப்படாதீர்கள். புகைப்புரை என்பது பொருள் வைக்கிற கட்டடம். ஸ்டேஷனில் எழுதுகிறவர் 305-இல் எழுதினால் ஏழு வருஷம் வரை போகிற குற்றம் அது. ஒரு சாவியும் ஒரு கதவும் வித்தியாசம்.

பையனுக்கு 21 ஆகவில்லை. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் 6-ஆம் பிரிவு, அந்த வயதுக்காரனை ஜெயிலுக்கு அனுப்புவதென்றால் கோர்ட் காரணம் எழுத வேண்டும் என்கிறது. பெரும்பாலும் உள்ளே போக மாட்டான். ஆனால் எஃப்.ஐ.ஆர். விழுந்தால் விழுந்ததுதான். நாளைக்குப் பாஸ்போர்ட், சர்க்கார் வேலை, எதற்கு விசாரணை வந்தாலும் அந்த நம்பர் முதலில் எழுந்து நிற்கும்.

கடைக்காரரை விடாதீர்கள். 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினவன். கிலோ 185 ரூபாய்ச் சரக்கை 110-க்கு எடுத்தவனுக்கு அந்தக் காரணம் தராசிலேயே இருந்தது. என் அனுபவத்தில் வாங்க ஆள் இல்லாத இடத்தில் ரப்பர் ஷீட்டுத் திருட்டு நடந்ததே இல்லை. அதை வைத்துச் சமையலா பண்ண முடியும்?

இன்னொன்று. சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். ஒரு ஏரியாவில் களவு போனால் முதலில் பழைய ஆளைத்தான் தூக்குவோம். வாரண்ட் கிடையாது, ஆதாரம் கிடையாது, "நேத்து ராத்திரி எங்கே இருந்தே?" அவ்வளவுதான். பத்தில் எத்தனை தடவை அது சரியாக இருந்தது என்று எண்ணியது இல்லை. எண்ணியிருந்தால் தூக்கம் கெட்டிருக்கும்.

கருங்கல்காரி:

ஐயா, வணக்கம். நான் திருநெல்வேலியில் குற்றவியல் படித்து, இப்போது கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மச்சினன், உங்கள் வீட்டம்மா, வாத்தியார் மூவரும் தெரியாமலேயே மூன்று பெரிய கட்சிகளில் சேர்ந்திருக்கிறார்கள். மச்சினன் கட்சிதான் இவற்றில் அதிகக் கெடுதல் செய்தது. அதனால் அதில் தொடங்குகிறேன்.

இத்தாலியில் செசாரே லாம்புரோசோ என்று ஒரு மருத்துவர். வில்லெல்லா என்ற கொள்ளைக்காரனின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பிடரிப் பக்கம் வழக்கமாக மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து ஒரு கோட்டையே கட்டினார்: குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, மனிதன் கடந்துவந்த பழைய படியில் நின்றுவிட்டவன், பெரிய தாடை, விரிந்த காது, நீண்ட கை என்று உடம்பிலேயே எழுதியிருக்கும். 1876-இல் புத்தகமாக வந்தது. உலகமே படித்தது. 1913-இல் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, குற்றம் செய்யாத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். லாம்புரோசோ சொன்ன மாதிரி தனியாக ஒரு குற்றவாளி உடம்பு கிடையாது என்று முடித்தார்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவசரபுத்தி, பின்விளைவை யோசிக்காத சுபாவம் இவற்றில் பிறப்புக்கும் பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவசரபுத்திக்காரன் ஒருவன் ஷீட்டுத் திருடுவான், இன்னொருவன் புயலில் வள்ளத்தை இறக்கி ஆள் காப்பாற்றுவான். தேங்காய் களவாணுவதற்கென்று ஒரு ரத்தம் கிடையாது.

லாம்புரோசோ புத்தகம் எழுதுவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871-இல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். சாதி சாதியாகப் பிறவிக் குற்றவாளி என்று பதிவு. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் செத்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்தப் பதிவேடு நம் ஊருக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் பதிவேடு இல்லாமலேயே "கள்ளன் வீடு" என்று ஒரு ஊர் மூன்று தலைமுறையாகப் பதிவு பண்ணி வைத்திருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? பகை இல்லை, வெறும் அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூப்பிடுகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

சரி, வறுமைக்கு வருகிறேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அப்பா ஏன் எடுக்கவில்லை? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1938-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கென்றே எழுதினதுபோல இருக்கும். வெறும் இல்லாமை ஆளைத் திருடனாக்காது என்கிறார் அவர். ஊர் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது. அங்கே போகிற வழியை மட்டும் சிலருக்கே திறக்கிறது. அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டவர்கள் பலவிதமாக நடந்துகொள்வார்கள். ஆசையை விட்டுவிட்டு, வழியை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 14 வருஷம் அடுத்தவர் மரத்தில் வெட்டி, தனக்கென்று பெரிதாக எதையும் எதிர்பார்க்காதவர் உங்கள் வெட்டுக்காரர். மகன் அந்த ஆசையை விடவில்லை. நீங்களே கட்டணம் கட்டி "நீ மேலே வருவாய்" என்று காட்டினீர்கள். தப்பில்லை. ஆனால் படிப்பு நடுவில் அறுந்தபோது ஆசை அறுபடாமல் நின்றது. அந்த இடத்தில் குறுக்கு வழி பிடிக்கிறவனை மெர்ட்டன் தனி வகையாக வைக்கிறார்.

படிப்பறிவு இல்லாததுதான் காரணம் என்று யாராவது வருவார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி ரேஷன் அரிசி கடத்துகிறவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?

எனக்குப் பிடித்தது வேறு ஒருவர், டிராவிஸ் ஹிர்ஷி, 1969. அவர் கேள்வியையே புரட்டிப் போட்டார். இவன் ஏன் திருடினான் என்று கேட்காதே, மற்றவர்கள் ஏன் திருடவில்லை என்று கேள். கலிஃபோர்னியாவில் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு, ஆளைக் கட்டி வைக்கிற கயிறுகள் நான்கு என்றார். மனிதர்கள்மேல் பாசம், இழந்தால் வலிக்கிற மாதிரி ஏதாவது கையில் இருப்பது, நாள் முழுக்க ஒரு வேலை, இது தப்பு என்ற நம்பிக்கை. மழை வாரத்தில் உங்கள் பையனிடம் இதில் எத்தனை கயிறு மிச்சம் இருந்தது? படிப்பு இல்லை, வேலை இல்லை. உங்கள் திண்ணைக்கு அவன் கடைசியாக வந்து உட்கார்ந்தது எப்போது?

ஏட்டு ஐயா சொன்னதும் ஒரு கோட்பாடுதான். 1979-இல் கோஹனும் ஃபெல்சனும் எழுதினார்கள்: மனசு வைத்தவன் ஒருவன், தோதான பொருள், காவல் இல்லாத நேரம், மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால் குற்றம். ஐயா ஆணியைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் விஷயத்துக்கு எட்வின் சதர்லாண்ட். திருட்டும் தையல் மாதிரி, பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதுதான் என்றார். எப்படி எடுப்பது என்பதோடு, எடுப்பது பரவாயில்லை என்று மனசைச் சரிக்கட்டுவதும் அந்தப் பாடத்தில் உண்டு. அவரே 1939-இல் வெள்ளைக் காலர் குற்றம் என்ற பேச்சை எடுத்தார். அமெரிக்காவின் 70 பெரிய கம்பெனிகளின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949-இல் புத்தகம் போட்டபோது, கம்பெனிப் பெயர்களை எடுத்துவிடு என்று நெருக்கடி. எடுத்தார். பெயர்களோடு முழுசாக அது வெளிவந்தது 1983-இல், அவர் செத்து 33 வருஷம் கழித்து. உங்கள் ஊரில் வீட்டுப் பேர் யாருக்கு விழுந்திருக்கிறது, யாருக்கு விழவில்லை என்று பாருங்கள். திருட்டு ஷீட்டை வாங்கி அடுக்குகிற கடைக்கு "கள்ளன் கடை" என்று யாராவது பேர் வைத்தார்களா?

மழைப்பாட்டு:

இவ்வளவு எழுத்தா? நாலு சாத்து சாத்தினால் எல்லாக் கோட்பாடும் அவன் வாயாலேயே வரும்.

ஓய்வு ஏட்டு:

தம்பி, நான் சாத்தினவன். வரும். செய்யாத கேஸையும் சேர்த்து ஒத்துக்கொள்வான்.

கருங்கல்காரி:

பெக்காரியா என்பவர் 1764-லேயே எழுதிவிட்டார், தண்டனை கடுமையாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பதுதான் ஆளைத் தடுக்கும் என்று. 260 வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நாம் சாத்துவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

குளச்சல் கடலோடி:

நான் படிச்சது ஒன்பதாம் கிளாஸ். கோட்பாடு தெரியாது. ஆனா அந்தப் பையன் இடத்தில் நின்னிருக்கேன், அதனால எழுதுறேன்.

17 வயசில் வள்ளத்திலிருந்து ஒரு கேன் மண்ணெண்ணெய் எடுத்தேன். 20 லிட்டர். எதுக்கு எடுத்தேன்னு இன்னைக்கும் கேட்டா சரியா சொல்லத் தெரியாது. கூட ரெண்டு பேர் இருந்தானுவ, சினிமாவுக்குக் காசு வேணும், ராத்திரி, கடற்கரையில யாரும் இல்ல. அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மானிய மண்ணெண்ணெயை கேனு கேனா கேரளாப் பக்கம் வித்த ஆளுவளை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். அவங்க திருநாளுக்குக் கொடை எழுதினா மைக்கில பேர் வாசிப்பாங்க. நான் எடுத்த ஒரு கேனுக்கு என்னைய வலை காயப்போடுற தூணில் கட்டி வச்சாங்க. எங்க அம்மை பார்த்துட்டு நின்னா.

அடி வலி நாலு நாள்ல போச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் போகலை. கரையில எது காணாமப் போனாலும், வலையோ, ஈயக் குண்டோ, எஞ்சின் பிளக்கோ, முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. செய்யலைன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு வருஷம் பொறுத்தேன். அப்புறம் எப்படியும் என் பேர்தானே வரப்போகுதுன்னு நிசமாவே எடுக்க ஆரம்பிச்சேன். ரெண்டு எஞ்சின் வரைக்கும் போச்சு. சேர்த்துக்கிட்டவனும் அந்த மாதிரி ஆளுவதான், வேற யாரு என் பக்கத்தில நிப்பா?

நிறுத்தினது எப்படின்னா, எங்க தாய்மாமன். அவருக்கு வேற யாரும் கிடைக்கலையா, இல்ல வேணும்னே செஞ்சாரான்னு தெரியாது, ஒரு நாள் மீன் ஏலம் போட்ட காசை என் கையில கொடுத்து, "மக்கா, எண்ணிப் பங்கு வையி" ன்னார். எட்டு பேர் பங்கு. கரையில எல்லாரும் பார்த்துட்டு நின்னாங்க. என் கை ஆடிச்சு. ரெண்டு தரம் எண்ணினேன். அதுக்குப் பிறகு பங்கு வைக்கிறது என் வேலைன்னு ஆயிப்போச்சு. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க. இப்போ 43 வயசு. இன்னமும் ஒருத்தர் ரெண்டு பேர் பழைய பட்டப்பேரைச் சொல்லத்தான் செய்யுறாங்க.

சார், புகார் கொடுக்குறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். ஊர்ல சொல்லாதீங்க, அது மட்டும்.

கருங்கல்காரி:

கடலோடி அண்ணே, நீங்கள் நாலு பத்தியில் எழுதியதை எட்வின் லெமர்ட் 1951-இல் இரண்டாகப் பிரித்தார். முதல் தப்பு ஆயிரம் காரணத்தால் நடக்கும், பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். ஊர் பேர் வைத்த பிறகு, அந்தப் பேருக்குள் புகுந்து வாழ்வது இரண்டாவது. ஹோவர்ட் பெக்கர் 1963-இல் இதைப் பெரிதாக எழுதினார்.

தாய்மாமனுக்கும் ஆய்வு இருக்கிறது. பாஸ்டன் பக்கத்தில் குற்றம் செய்த 500 பையன்களைப் பற்றி க்ளூக் என்ற ஆய்வாளர் தம்பதி சேர்த்து வைத்த பழைய காகிதப் பெட்டிகளைச் சாம்ப்சனும் லாபும் எடுத்து, 1993-இல் புத்தகம் போட்டார்கள். பின்னால் அவர்களில் சிலரை 70 வயது வரை தேடிப் போய்ப் பேசினார்கள். திருந்தியவர்கள் கதையில் திரும்பத் திரும்ப வந்தவை நல்ல கல்யாணம், நிலையான வேலை, பட்டாளம். ஏலக் காசை எண்ணக் கொடுத்த மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

திற்பரப்புக்காரன்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

புகார் கொடுக்கவில்லை. கடையில் போய் நின்றேன். ஏட்டு சார் சொன்ன 317-ஐ ஒரு தரம்தான் சொன்னேன், கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். 39 ஷீட்டு திரும்பி வந்தது. மூன்று ஏற்கெனவே லாரியில் கோட்டயம் போய்விட்டதாம், அதற்கு அன்றைய விலை கொடுத்தார். 2,860 ரூபாய் தனக்கு நஷ்டம் என்று முகத்தைத் தொங்கப் போட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் இல்லை.

பையனைக் கூப்பிட்டு அனுப்பினேன். திண்ணையில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தான். ஷீட்டைக் காட்டி அந்த வடுவைத் தொட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த மிஷினை அவனும் பத்து வயதிலிருந்து சுற்றியிருக்கிறான், அந்த வடு அவனுக்கும் தெரியும். அப்படி இருந்தும் எடுத்திருக்கிறான் என்றால் யோசிக்கிற நிலையில் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொன்னது: "மாமா, உங்களுக்கு 42 ஷீட்டு ஒரு கணக்கா?" எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது சொன்னது: "சாவி அங்கேதானே கிடக்கும், நான் எடுக்கலேன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்." கோபம் கூடியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மூன்றாவதாகச் சொன்னான். போனில் ஏதோ ஒரு கடன் ஆப்பில் 4,000 வாங்கியிருக்கிறான். ஆறு வாரத்தில் 11,000 கேட்டிருக்கிறார்கள். அவன் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அசிங்கமாகப் படம் அனுப்புவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். அதில் முதல் பேர் என் மனைவி. "மாமி" என்று போட்டு வைத்திருக்கிறான்.

மனைவி செல்போனைத் திட்டினது முழுக்கத் தப்பு இல்லை போலிருக்கிறது. இதை அவளிடம் சொன்னால் ஒரு மாதத்துக்கு வீட்டில் இருக்க முடியாது.

கருங்கல்காரி அம்மா, முதல் இரண்டு பதிலுக்கும் ஏதாவது கோட்பாடு இருக்கிறதா? ஒத்திகை பார்த்து வந்தவன் மாதிரி சொன்னான்.

கருங்கல்காரி:

இருக்கிறது ஐயா. சைக்ஸ், மாட்ஸா, 1957. தப்பு செய்கிற பையன்களுக்கும் அது தப்பு என்று தெரியும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு சமாதானம் தயார் செய்துகொள்கிறார்கள் என்று ஐந்து வகை காட்டினார்கள். "யாருக்கும் நஷ்டமில்லை" என்பது அதில் ஒன்று, "என் கையில் இல்லை" என்பது இன்னொன்று. தப்பு என்று தெரியாதவனுக்குச் சமாதானமே வேண்டியிருக்காது. என் மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, நிலம் பதிவு பண்ணும்போது உங்கள் வீட்டில் என்ன விலை எழுதினார்கள் என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆப் மிரட்டலுக்கு 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் பண்ணி இன்றைக்கே சைபர் குற்றப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

திற்பரப்புக்காரன்:

என் இரண்டு ஏக்கரின் பத்திரத்திலும் கொடுத்த விலை இல்லை, சர்க்கார் வழிகாட்டி மதிப்புதான் எழுதியிருக்கிறது. அம்மா அதைத் தெரிந்து கேட்டார்களா, தெரியாமல் கேட்டார்களா தெரியவில்லை.

1930-க்குப் பேசியாயிற்று, நானும் பக்கத்தில் இருந்தேன். ஏட்டு சார் சொன்ன பூட்டும் வாங்கிவிட்டேன்.

ஆனால் கடலோடி தம்பி சொன்ன ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் எடை போடுகிற பையன் சொல்லிவிட்டான். முந்தாநாள் சாயங்காலம் வெட்டுக்காரர் வந்தார். எப்போதும் பின்பக்கமாக வருகிறவர், அன்றைக்கு முன்வாசல் வழியாக வந்தார். ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்து வெட்டுக் கத்தியை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பிடியில் 14 வருஷத்து எண்ணெய்க் கறுப்பு. "நான் இனி வரலை சார்" என்றார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. மனைவி காப்பி கொண்டுவருவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

நேற்று இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டது.

கத்தி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. மழை விட்டு இரண்டு நாளாகிறது, நாளைக்கு வெட்டு நாள்.